வளவும் வெளியும்

நம் கவிதைகளில் முற்றம் வந்தால் பின்னாலேயே நிலாவும் வந்துவிடுகிறது. எழுதுகிறவர்களில் பாதிப்பேருக்கு இன்று முற்றம் கிடையாது, எனக்கும் கிடையாது. இழந்ததைப் பாடுவதில் தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லை யார், எங்கே நின்று சொன்னார்கள் என்று கேட்காமலே பாடுகிறோம் என்று தோன்றுகிறது.

நாங்குநேரியில் நான் வளர்ந்தது ஒரு வளவில். தெருவிலிருந்து ஒரு வாசல். உள்ளே எதிரும் புதிருமாக ஆறு வீடுகள். நடுவில் பொதுவான இடம், ஒரு கிணறு. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அடுப்படிக்கு முன்னால் கூரையில்லாத ஒரு சதுரம் உண்டு. அதற்கு மானவெளி என்று பெயர். வானவெளி எங்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. நாலு பேர் உட்கார்ந்தால் நிறைந்துபோகும் இடத்துக்கு 'வெளி' என்று பெயர் வைத்த துணிச்சலைப் பின்னால் நினைத்து வியந்திருக்கிறேன். மேலே திறந்திருந்தால் போதும். பக்கங்கள் கணக்கில் இல்லை.

ஆச்சி "வெளிய போயி வெளையாடுங்கல" என்று விரட்டினால் நாங்கள் போவது வளவின் நடுவுக்குத்தான், தெருவுக்கு அல்ல. என்னோடு படித்த பையன் ஒருவன் வருவான். வளவு வாசலுக்கு அப்பால், தெருவில் நின்று கூப்பிடுவான். அதற்குமேல் அவன் வரக்கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஒருநாள், "நான் வெளியதானல நிக்கேன், வா" என்றேன். "நீ உள்ளல்லா நிக்கே" என்றான். சண்டைக் குரலில் இல்லை. கணக்கில் ஒரு தப்பைத் திருத்துகிறவன் மாதிரி சொன்னான்.

அந்த வாக்கியத்தை ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சுமக்கிறேன். இருவர் சொன்னதும் உண்மை என்று சொல்லிவிட்டால் தத்துவம் போலிருக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை. சுவர் அவன் கண்ணில் பட்டது, என் கண்ணில் படவில்லை. கூடுதலாகப் பார்த்தவன் சொன்னதுதான் சரி.

வளவு என்ற சொல் ஊருக்கு ஊர் உரு மாறுகிறது. செட்டிநாட்டில் அது வீட்டுக்குள்ளேயே, முகப்பைத் தாண்டி, தூண்கள் சூழ முற்றம் கிடக்கும் பகுதி. யாழ்ப்பாணத்தில் வீடும் கிணறும் மரங்களும் அடங்க வேலிக்கு உட்பட்ட நிலம் முழுவதும். எங்களுக்கு வீடுகளின் கூட்டம். வளவு என்று சொல்கிறவனுக்கு எங்குமே அடைப்பு நினைவுக்கு வருவதில்லை. தன் ஆட்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

காம்பவுண்டு இதைவிட நேர்மையான சொல். அது பிறப்பில் இங்கிலீஷே அல்ல, மலாய் மொழியின் கம்போங் என்பதிலிருந்து வந்தது என்று 1886இல் வெளியான யூல், பர்னெல் இருவரின் 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' வாதிக்கிறது. கம்போங் என்றால் வீடுகளின் தொகுதி, சிற்றூர். வெள்ளைக்காரன் வாயில் அது பங்களாவைச் சுற்றிய நிலமாயிற்று. நம் வாயில் சுவராகவே ஆகிவிட்டது: காம்பவுண்டு ஏறிக் குதித்தான் என்கிறோம். முதலில் ஜனங்கள் போனார்கள், பிறகு நிலம் போயிற்று, சுவர் மிஞ்சியது. (மதுரையில் காம்பவுண்டு வீடு என்றால் பல குடித்தனங்கள் சேர்ந்திருக்கும் இடம். அங்கே மட்டும் கம்போங் திரும்பி வந்திருக்கிறது.)

தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்தில் கோட்டைப் பிள்ளைமார் வாழ்ந்த மண்கோட்டை இருந்தது. மதிலுக்குள்ளேயே தெருக்கள், வீடுகள். அந்தச் சமூகத்துப் பெண்கள் மதிலைத் தாண்டி வருவதில்லை என்பது தலைமுறைகளின் வழக்கம். கமலா கணேஷ் இவர்களைப் பற்றி எழுதிய ஆய்வு நூல் 1993இல் வந்தது. கோட்டைக்கு மேலும் வானம் திறந்துதான் இருந்தது. எங்கள் இலக்கணப்படி அதுவும் வெளிதான். ஆச்சியும் கோயிலுக்கும் சாவு வீட்டுக்கும் தவிர வளவு வாசலைத் தாண்டியவள் இல்லை. அவள் 'வெளிய' என்றபோது அதைவிடப் பெரிய வெளி எதுவும் அவள் வசம் இல்லை. இதைச் சொல்லி அவளை மன்னித்துவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. அவளுக்கு உள்ளே இடம் இருந்தது.

2023 ஆகஸ்டில் எங்கள் ஊர்ப் பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. தலித் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், அதே பள்ளியில் படித்த பையன்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். 'வீடு புகுந்து' என்ற இடத்தில் வாசிப்பு நின்றுவிட்டது. எங்கள் வளவு வாசலுக்குக் கதவு இருந்தது. பகலில் அதை மூடியதே இல்லை. மூட வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பையன் வீட்டுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். வாசலில் நிற்கவேண்டும் என்று தோன்றவில்லை. யாரையும் கேட்காமல் நேரே முற்றத்துக்குள் போய்விட்டேன். பெருக்கிக்கொண்டிருந்த அவன் அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். எனக்கு அப்போது பத்து வயது.