பழைய குழாய், புதிய சீல்

கழற்றிப் போட்ட முன் ஃபோர்க்கில் எதைத் திரும்ப மாட்டலாம், எதைக் குப்பையில் போட வேண்டும் என்பது கிள்ளானை அடுத்த காப்பாரில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர் அடிக்கடி எடுக்க வேண்டிய முடிவு. காசுக் கணக்குதானே என்று பலரும் அதைக் கடந்துபோகிறார்கள். என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. இல்லாமையில் பழகிய கை எதை விடும், எதை விடாது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

தோட்டத்து வீடுகளில் எதையும் எறிந்ததில்லை. கோதுமை மாவுச் சாக்கு தலையணை உறையாகும். பிஸ்கட் டின்னில் அரிசி இருக்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிறகு நிலம் வீடமைப்புக்குப் போனபோது, குடிபெயர்ந்த மக்கள் கோயிலைக்கூட விட்டுவிட்டு வரவில்லை. அம்மனின் சூலத்தைக் கொண்டுவந்து புது இடத்தில் நட்டு, புதிதாகக் கூரை போட்டார்கள். பழையதைக் காப்பாற்றுவது நமக்குப் பழக்கம் மட்டுமல்ல, பாசமும்கூட.

வண்டி என்றால் அந்தப் பாசம் இன்னும் கூடும். இந்த வட்டாரத்தில் அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1941-இல் கிள்ளான் ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது சம்பள உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் வைத்தார்கள்: துரையோ தோட்ட அதிகாரியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதனைப் பிரிட்டிஷ் அரசு கைது செய்தது. படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். இறங்காமல் ஓட்டிப் போவதற்கு அந்தத் தலைமுறை கொடுத்த விலை அது. அப்பா ஓட்டிய ஹோண்டா கப்சாய் மோட்டாரை விற்க மனம் வராதவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சைக்கிள்கள் நினைவுக்கு வருகின்றன.

ஆனால் பாசம் அளவெடுக்காது. ஃபோர்க்கை அளந்துதான் பார்க்க வேண்டும்.

சாதாரணக் கப்சாயின் முன் ஃபோர்க்கில் குரோம் பூசிய உள்குழாய், அது ஏறி இறங்கும் வெளிக்குழாய், ஸ்பிரிங், டேம்பர் ராட், எண்ணெய், அதை உள்ளே அடக்கி வைக்கும் ஆயில் சீல், அடியில் போல்ட்டுக்கு ஒரு செப்பு வாஷர், மேல் மூடிக்கு ஒரு ஓ-ரிங் இருக்கும். இவற்றுள் மலிவானவை சீலும் வாஷரும் ஓ-ரிங்கும்தான். கழற்றிய பிறகு திரும்பப் போடக் கூடாதவையும் அவையே. சீலை நெம்பி எடுக்கும்போதே அதன் உருவம் கெடுகிறது. ரப்பர் உதடு முன்பே இறுகிப்போயிருக்கும். செப்பு வாஷர் ஒருமுறை நசுங்கித் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. சில வெள்ளியை மிச்சம் பிடிக்கப் பழைய சீலையே அழுத்தி வைத்தால், கசியும் எண்ணெய் குழாய் வழியே இறங்கி டிஸ்க் பிரேக் பேடில் போய் நிற்கும். பிரேக் பிடிக்காமல் போவது அந்தச் சில வெள்ளியால்தான்.

விலை கூடியவை வேறு விதம். டேம்பர் ராட் பெரும்பாலும் வண்டியின் ஆயுள் முழுக்க வரும். ஸ்பிரிங்கைத் தரையில் படுக்கவைத்து நீளம் அளந்து, கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிட்டால் போதும். குறைந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். உள்குழாயின் குரோமில் துருப்புள்ளி இருந்தால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. சீல் ஏறி இறங்கும் பகுதிக்கு மேலே இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. அந்தப் பகுதிக்குள் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் குழி இருந்தால் புதுச் சீலையும் அது சீக்கிரமே அறுத்துவிடும். வயது ஒன்றுதான், துரு ஒன்றுதான். இடம் மாறினால் தீர்ப்பு மாறுகிறது. ‘பழசு’ என்ற ஒரே சொல்லால் பொருளையோ மனிதரையோ தள்ளிவிடுகிற அவசரம் நம்மிடம் கூடிவிட்ட இந்தக் காலத்தில், இந்த நிதானம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். வளைந்த உள்குழாயைத் தட்டி நிமிர்த்திப் போடும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். பல கையேடுகள் 0.2 மில்லிமீட்டரை எல்லையாகச் சொல்கின்றன. அதைத் தாண்டியதை மாற்றச் சொல்லக் காரணம் உண்டு. ஒருமுறை மடங்கிய எஃகு நிமிர்ந்தாலும் பழைய பலத்தோடு நிமிர்வதில்லை. அடுத்த பள்ளத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று எந்த மெக்கானிக்காலும் உறுதி சொல்ல முடியாது.

பழைய வண்டிகளைக் கழற்றி விற்கும் பொத்தோங் கடையில் வாங்கும் ஃபோர்க்கையும் இந்தக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். நம் வண்டியின் பழைய குழாய் எந்த லோங்காங் சாக்கடையில் விழுந்தது, யார் ஓட்டினார்கள் என்று நமக்குத் தெரியும். மோதி நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றிய குழாய் எதையும் சொல்லாது. வாங்கக் கூடாது என்பதல்ல. உருட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

இதைச் சொல்லும்போது சம்பளம் கண்முன் வருகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு போக மிஞ்சுவதில் ஒரு ஜோடி புதுக் குழாய் சுமைதான். “இந்த மாசம் ஓட்டிக்கிறேன்ணே, நிமித்திக் குடுங்க” என்று கேட்பவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்த வண்டி போகப்போவது கூட்டரசு சாலை 5-இல், கிள்ளானுக்கும் காப்பாருக்கும் இடையே ஓடும் லோரிகளுக்கு நடுவே. பின்னால் மனைவியோ பள்ளிப் பிள்ளையோ உட்கார்ந்திருக்கலாம். இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள். முடியாது என்று சொல்லிவிட்டு, நல்ல செகண்ட் ஹேண்ட் குழாயைத் தேடித் தந்து, பணத்தை இரண்டு மூன்று தவணையில் வாங்கிக்கொள்ளும் பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளரை இழந்தாலும் பரவாயில்லை என்று நிற்கும் அவர்கள் செய்வது வியாபாரத்துக்கும் மேலான காரியம்.

ஆகவே, ஃபோர்க்கை அவிழ்க்கக் கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். குழாயை உங்கள் கண்முன் உருட்டச் சொல்லுங்கள், ஸ்பிரிங்கை அளக்கச் சொல்லுங்கள். சீல், வாஷர், ஓ-ரிங், எண்ணெய் நான்கையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அந்தச் செலவில் பேரம் பேசாதீர்கள். குழாய் வளைந்திருக்கிறது, மாட்டமாட்டேன் என்று அவர் சொன்னால் கோபித்துக்கொண்டு அடுத்த பட்டறைக்கு வண்டியைத் தள்ளிப் போகாதீர்கள்.