அம்மாவுக்குக் கொடுத்தோமா, திருப்பிக் கொடுத்தோமா?

அப்பா காலமாகி 16-ஆம் நாள் காரியம் முடிந்ததும் பெரியவர்கள் கேட்ட முதல் கேள்வி, "வீட்டு கெரான் யார் பேர்ல இருக்கு?" அப்பா பெயரில் மட்டும்தான் இருந்தது. உயில் இல்லை. "அதனால என்ன, வீடு தானா அம்மாவுக்குப் போயிடும்" என்றுதான் நானும் அக்காவும் நினைத்தோம். நண்பர்களே, அப்படிப் போகாது.

தீபகற்ப மலேசியாவிலும் சரவாக்கிலும் முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படிதான் சொத்து பிரியும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லாரும் இருந்தால் பெற்றோருக்குக் கால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மற்றது பிள்ளைகளுக்கு. எங்கள் வீட்டில் அப்பாவின் அம்மா, எங்கள் பாட்டி, இருக்கிறார். ஆக பாட்டி, அம்மா, அக்கா, நான், ஆளுக்குக் கால் பங்கு. நில அலுவலகத்தில் மனு கொடுத்தால் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அங்கே அதிகாரி முன்னிலையில் ஒருவர் தன் பங்கை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம்.

"அம்மாவுக்கு எழுதிக் கொடுத்துடுறோம்" என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா கேட்டாள்: "உன்னோடதுன்னு எதைடா குடுக்கிற?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தானம் என்றால் நம்முடையதைக் கொடுப்பது. அந்த வீட்டுக்கு நான் ஒரு வெள்ளிகூடக் கட்டியதில்லை. அம்மா விடியற்காலையில் நாசி லெமாக் கட்டி விற்ற காசு எத்தனையோ மாதத் தவணைக்குப் போயிருக்கிறது. கெரானில் அது எழுதப்படவில்லை. சட்டத்துக்கும் அது தெரியாது. அந்தச் சட்டமும் மாறாதது இல்லை. 1997-இல் திருத்தும் வரை, மனைவி உயில் இல்லாமல் இறந்தால் கணவனுக்கு முழுச் சொத்து. கணவன் இறந்தால், பிள்ளைகள் உள்ள மனைவிக்கு மூன்றில் ஒரு பங்குதான். சட்டம் கொடுப்பதெல்லாம் தர்மப்படி நம்முடையது ஆகிவிடாது. நாங்கள் போட்ட கையெழுத்து தானம் இல்லை, கடன். கடனை அடைத்ததற்கு யாரும் மாலை போட மாட்டார்கள்.

ஆனால் பாட்டி? மாமா சொன்னார்: "பாட்டிகிட்டயும் கையெழுத்து வாங்கிடுங்க. நாளைக்கு அவங்க போயிட்டா சித்தப்பா, அத்தை எல்லாம் பங்குக்கு வருவாங்க." அது உண்மைதான். பாட்டியின் பங்கு அவர் பிள்ளைகளுக்கும் போகும். நான் பாட்டியிடம் போய் விளக்கினேன். "சரிய்யா, போடுறேன். போட்டா நான் எங்க இருப்பேன்?" என்று கேட்டார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அம்மாவுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம் என்றால், அப்பாவும் தன் அம்மாவுக்குக் கடன்பட்டவர்தானே? ஒரு அம்மாவுக்கு நியாயம் செய்ய இன்னொரு அம்மாவைப் பயமுறுத்தலாமா? "பாட்டி, நீங்க ஒன்னும் போட வேணாம்" என்றேன். அம்மாவும் அதையே சொன்னார். இப்போது முக்கால் பங்கு அம்மா பெயரில், கால் பங்கு பாட்டி பெயரில். பிற்காலத்தில் சிக்கல் வரலாம். தெரிந்துதான் செய்தோம். விட்டுக்கொடுப்பது மனம் ஒப்பி வர வேண்டும். அன்பைக் காட்டியோ பயத்தைக் காட்டியோ வாங்கினால் அது பறிப்பதுதான்.

இந்தச் சங்கடம் எல்லாம் ஒரு உயில் இருந்திருந்தால் வந்திருக்காது. தீபகற்பத்தில் 18 வயதானால் உயில் எழுதலாம். எழுதுபவர் கையெழுத்துப் போடும்போது இரண்டு சாட்சிகள் கூடவே இருந்து கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரும் அவருடைய கணவன் அல்லது மனைவியும் சாட்சியாக இருக்கக்கூடாது; இருந்தால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும்.

"அப்பா இருக்கும்போதே இதையெல்லாம் பேசுறதா, அபசகுனம்" என்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் கேட்காமல் இருந்தேன். நீங்கள் இந்த வாரம் சாப்பிட உட்காரும்போது கேட்டுவிடுங்கள்: "அப்பா, நீங்க இல்லாத காலத்துல அம்மாவும் பாட்டியும் எங்க இருப்பாங்க?"