புதுப்பித்த பின்னும் அதே பொருளா?

பழைய பொருளைப் புதுப்பித்த பிறகும் அது அதே பொருள்தானா என்பது தத்துவத்தின் தீராத கேள்வி. திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலின் சுதை விமானத்துக்குத் திருப்பணிதோறும் புது வண்ணம் ஏறுகிறது. திரிபுரம் எரித்த பெருமான் அங்கேதான் இருக்கிறார் என்பதில் கும்பிடுகிறவருக்கு ஐயம் எழுவதில்லை. ஆனால் நூறாண்டுப் பழமையான தகரப் பொம்மை ரயில் பெட்டிகளைச் சேகரிப்பவர்கள் இதற்கு நேர்மாறான விதியைக் கைக்கொள்கிறார்கள்: துருப்பிடித்த பெட்டியானாலும் மேலே புதுப்பூச்சு அடித்தால் அதன் பெருமை போயிற்று. இரண்டு விதிகளுமே சரியானவை. எதற்கு எந்த விதி என்று பிரித்தறியாத இடத்தில்தான் இழப்பு நேர்கிறது.

சேகரிப்பவர்கள் பக்கம் வலுவான சான்று உண்டு. லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1920இல் ஹார்ன்பி ரயில்களை விற்கத் தொடங்கியபோது பெட்டிகளை நட்டும் போல்ட்டும் போட்டுப் பூட்டியது; பிறகு தகர நாக்கைத் துளையில் செருகி மடிக்கும் முறைக்கு மாறியது. பூட்டிய விதமும் கொக்கியின் வடிவமும் பெட்டியின் காலத்தைச் சொல்லிவிடும். ஆனால் 1923இல் பிரிட்டிஷ் ரயில் கம்பெனிகள் நான்காக இணைந்த பின், ஒரே அச்சில் அடித்த பெட்டியே வெவ்வேறு கம்பெனிகளின் எழுத்தோடு கடைக்கு வந்தது. தகரம் எல்லாவற்றிலும் ஒன்று. இது எந்தப் பெட்டி என்று சொல்வது பூச்சும் எழுத்தும்தான். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்துத் தகரப் பொம்மைகள் பலவற்றில் தட்டையான தகட்டில் முதலில் படத்தை அச்சிட்டு, பிறகே வெட்டி மடித்தார்கள். ஆகவே அசல் வண்ணம் மடிப்புக்குள்ளும் தொடரும். பின்னால் அடித்த பூச்சோ மடித்த நாக்கின் மேலேயே படிந்து நிற்கும். அந்த அசல் வண்ணத்தைச் சுரண்டினால் அழகு மட்டும் போவதில்லை, சாட்சியமே போய்விடும்.

கோயிலின் நிலை வேறு. தமிழகத்துப் பாடலிபுத்திரத்தில் இருந்த சமணப் பள்ளியை இடித்து, அதன் பொருள்களைக் கொண்டுவந்து, மகேந்திரவர்மனாகக் கருதப்படும் பல்லவ மன்னன் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலை எடுத்தான் என்கிறது பெரியபுராணம். பொருள் அதுவே, ஆனால் அது பள்ளியாக நீடிக்கவில்லை. வீரட்டானத்திலோ சுதையும் வண்ணமும் மாறியும் கோயில் மாறவில்லை. ஆகவே பொருளின் தொடர்ச்சி மட்டும் ஒன்றை அதுவாக்குவதில்லை. திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து தெய்வ சாந்நித்தியத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்வதும் இந்தத் தெளிவில்தான். கோயிலை அதே கோயிலாக வைத்திருப்பது அறுபடாத வழிபாடு. விளையாட்டு நின்றுபோன பொம்மைக்கு அப்படி ஒரு தொடர்ச்சி கிடையாது. தன் மேல் படிந்த தடயங்களே அதற்கு எஞ்சிய உயிர்.

பழம்பொருள் மீது இத்தனை பிடிவாதம் வெறும் பற்றுதானே, புகலூரில் பொன்னையும் மணியையும் குளத்தில் வீசிய சைவ அடியார் அப்பரின் சமயத்துக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. விலைக்காகச் சேர்ப்பது பற்றுதான். ஆனால் கைக்கு வந்த பொருளைத் தன் விருப்பத்துக்குத் திருத்தாமல், அது இருந்தபடியே இருக்க விடுவது தன்முனைப்பை அடக்கும் பயிற்சி.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்றுண்டு: கோயிலும் சாட்சியம்தானே? ஆம். வீரட்டானத்துக் கல்லில் பல்லவர் காலத்திலிருந்து எழுத்து இருக்கிறது. வழிபாடு எவ்வளவு செழித்தாலும் அழிந்த கல்வெட்டை அது மீட்டுத் தராது. தமிழகக் கோயில்கள் பலவற்றில் மணல்வீச்சால் சுவரைச் சுத்தம் செய்தபோது எழுத்துகள் மழுங்கின. சுதைக்கு வண்ணம் பூசுங்கள், அது கோயிலின் உரிமை. கல்லின் மேல் மட்டும், ஒரு தகரப் பெட்டிக்குச் சேகரிப்பாளர் காட்டும் அளவு மரியாதையாவது காட்டுங்கள். திருப்பணிக் குழுவில் இருப்பவர்கள், வேலை தொடங்குமுன் ஒவ்வொரு கல்வெட்டையும் படியெடுத்து, அதன்மீது எந்தக் கருவியும் படாமல் காப்பதை முதல் கடமையாகக் கொள்ள வேண்டும்.