கைதானதுண்டா என்று கேட்டால்



பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர்கள் பலர் சில வருஷங்களுக்குப்பின் அங்கேயே நிரந்தரமாய்க் குடியிருக்க மனுப்போடுகிறார்கள். அம்மனுவில் ஒரு கேள்வி உண்டு: எப்போதாவது கைது செய்யப்பட்டீரா? பத்தொன்பது வயதில் காசு வைத்துச் சீட்டாடி அபராதம் கட்டியவனும், மறியலில் கைதாகிக் கலியாண மண்டபத்தில் இருந்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பியவனும் அவ்விடத்தில் பேனாவை நிறுத்துகிறார்கள். இல்லை என்று எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்?

பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பும் பெற்றாயிற்றே என்பார்கள் சிலர். மன்னிப்பு மெய்தான். ஆனால் அது பாவத்தை நீக்குமேயன்றி நடந்ததை நடவாததாக்காது. கேள்வி உங்கள் ஆத்தும நிலையைப் பற்றியதன்று. ஒரு நாள் நடந்த சம்பவத்தைப் பற்றியது. அமெரிக்க மனுவிலோ, கோர்ட்டு அந்தப் பதிவை அழித்திருந்தாலும் சொல்லும்படி கேட்கிறார்கள். குற்றமற்றவனும் ஆம் என்று எழுதவேண்டிய கேள்வி இது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்ட பாரதியாரைக் கடலூர் அருகே கைது செய்து, கடலூரிலேயே சில வாரம் சிறைவைத்தார்கள். அவரும் ஆம் என்றே எழுதியிருக்கவேண்டும். அர்ச். சின்னப்பரும் அப்படியே. ரோமைக் குடியுரிமை உள்ளவராயிருந்தும் பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அடிபட்டுச் சிறைப்பட்டவர் அவர்.

அப்படியானால் மறைப்பதெல்லாம் பொய்யா? அல்ல. தன் பழைய குறையை ஊருக்கு அறிவிக்கும் கடமை ஒருவனுக்கும் இல்லை. வீண் வம்புக்கு விசாரிக்கும் அண்டை வீட்டாரிடம் வாய்மூடி இருக்கலாம்; கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. (அதைத் தெருத்தெருவாய்த் தூற்றுகிறவர்களின் பாவம் சீட்டாடியவன் பாவத்தைவிடப் பெரிது என்பது என் எண்ணம்.) ஆனால் தன் வீட்டில் இடங்கொடுக்குமுன் ஒரு தேசம் கேட்பது நியாயமான கேள்வி. சொல்ல மனமில்லாதவன் மனுப்போடாதிருக்கலாம். மனுவும் போட்டுப் பொய்யும் எழுதலாகாது. ஏஜெண்டு நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையதே.

சட்டமும் சிறு குற்றத்தைவிடப் பொய்யையே கடுமையாய்ப் பார்க்கிறது. போதைப்பொருள் சம்பந்தமில்லாத ஒரே சிறு குற்றம், அதற்கு விதிக்கக்கூடிய தண்டனை ஒரு வருஷத்துக்கு மேற்படாதது, பெற்ற தண்டனை ஆறு மாதத்துக்கு மேற்படாதது என்றால் அமெரிக்கச் சட்டத்தில் விலக்கு உண்டு. முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னவனுக்கோ வாழ்நாள் தடையே வரலாம். கனடாவில் ஐந்து வருஷம். நம் நாட்டிலும் 1967-ம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி, தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தவனுக்கு இரண்டு வருஷம்வரை சிறை விதிக்கலாம்.

ஆயினும் பிடிபடும் பயம் ஒன்றே காரணமானால், பிடிபடாத பொய் நல்லதென்றாகிவிடும். பொய்யால் பெற்ற இடத்தில்தான் பிள்ளைகள் பிறந்து வளர்வார்கள். இருபது வருஷம் கழித்தும் சர்க்கார் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தால் தகப்பன் நெஞ்சு படபடக்கும். ஏனென்று மனைவிக்கும் சொல்லமாட்டான்.

வீட்டை அடகு வைத்துப் போனவனுக்கு இது எளிதல்ல. உண்மையை எழுதினால் தாமதம் நேரிடலாம். சிலருக்கு மறுப்பும் வரலாம். ஆகையால் வழக்கு முடிந்தவுடனே கோர்ட்டில் தீர்ப்பின் நகலை வாங்கி, அபராத ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். வழக்கு நிலுவையில் கிடக்கிறதா என்று வக்கீலிடம் விசாரியுங்கள். கிடந்தால் பாஸ்போர்ட்டே மறுக்கப்படலாம், கோர்ட்டு அநுமதி தேவைப்படும். மனுவில் ஆம் என்று எழுதி, எந்த வருஷம், என்ன காரணம், எப்படி முடிந்தது என்று நாலு வரியில் விளக்குங்கள்.