துண்டுக்கு அடியில்

சிறுவயதில் மாமாவோடு மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விரித்து, அதற்கு அடியில் வாங்குகிறவரின் கையைப் பிடித்துக்கொள்வார். பேச்சு முழுக்க விரல்களில். சுற்றி நிற்கும் எங்களுக்கு விலை தெரியாது. ஆனால் மாடு யாருடையது, எந்த ஊரிலிருந்து ஓட்டி வந்தது, எத்தனை பல் என்பது சந்தைக்கே தெரியும்.

பல வருடம் கழித்து, எடிசனில் என் வீட்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து நான் நுழைந்த சந்தையில் எல்லாம் தலைகீழ். விலை எழுத்தில் இருந்தது. ஆள்தான் துண்டுக்கு அடியில்.

2016இல் எனக்கு வேலை போயிற்று. கிரீன் கார்டு வந்திருந்தது நல்லதாகப் போனது. ஹெச்-1பியில் இருக்கும்வரை இப்படித் தனியாக வேலை பிடிக்கச் சட்டம் விடாது என்பது இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏலம் கேட்டு மென்பொருள் வேலை எடுக்கும் தளம் ஒன்றில் பதிந்துகொண்டேன். ஒருவர் வேலையை அறிவித்ததும் சில மணி நேரத்தில் உலகெங்கிலுமிருந்து நாற்பது ஐம்பது பேர் கேட்கிறார்கள். மதிப்புரை ஒன்றும் இல்லாதவனுக்குப் பதிலே வராது. முதல் வேலையை 90 டாலருக்கு எடுத்தேன். நான்கு நாள் ஆனது. 90 டாலருக்காக அல்ல, முடிவில் கிடைக்கப்போகும் ஐந்து நட்சத்திரத்துக்கும் இரண்டு வரிக்கும்தான் அந்த நான்கு நாளும்.

இந்தச் சந்தைக்கும் நியூ ஜெர்சிக்கும் பழைய உறவு உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில், ஜெர்சி சிட்டியில் ஓர் அடுக்ககத்தில்தான் பீருத் ஷேத்தும் நண்பர்களும் ஈலான்ஸைத் தொடங்கினார்கள். தாமஸ் மலோன், ராபர்ட் லாபாக்கர் என்ற எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இருவர் 1998இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த பெயர் அது. பெரிய நிறுவனங்கள் கரைந்து, தனி ஆட்கள் இணையத்தில் கூடிக் கலையும் பொருளாதாரம் வரும் என்பது அவர்கள் கணிப்பு. 1999 டிசம்பரில் நிறுவனம் கலிஃபோர்னியாவின் சன்னிவேலுக்குக் குடிபோனது. பிறகு ஓடெஸ்க்குடன் இணைந்து 2015இல் அப்வொர்க் ஆனது. அமெரிக்காவில் ஒருவரும் ஏதென்ஸில் ஒருவருமாக இருந்த இரண்டு கிரேக்க நண்பர்கள், தூரத்தைத் தாண்டிச் சேர்ந்து வேலை செய்ய வழி தேடியதில் உருவானது ஓடெஸ்க். எங்கே இருக்கிறாய் என்பது பொருட்டல்ல என்பதுதான் இவர்கள் எல்லோரும் கொடுத்த வாக்கு.

பொருட்டாகத்தான் இருக்கிறது. பல அறிவிப்புகளில் 'அமெரிக்காவில் இருப்பவர்கள் மட்டும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் என் முதலீடு. இரண்டாம் வருடம், ஒஹாயோவில் வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இடம் மாற்றித்தரும் ஒரு குடும்பத் தொழிலுக்கு அட்டவணை மென்பொருள் கேட்டார்கள். மணிக்கு 65 டாலர் கேட்டேன், கிடைத்தது. வேலை என் கைக்கு அதிகம். கோவில்பட்டியில் ஒரு தம்பி, என் சித்தி மகனோடு படித்தவன், அதே தளங்களில் 12 டாலருக்குக் கேட்டும் வேலை கிடைக்காமல் இருந்தான். 15 தருகிறேன் என்றேன். சந்தோஷமாக ஒத்துக்கொண்டான்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் இரவு. எனக்கு அதிகாலை இரண்டு மணி, நல்ல தூக்கம். அவனுக்கு மத்தியானம் பன்னிரண்டரை. இரண்டு சவாரிகள் ஒரே லாரியில் விழுந்திருப்பதைப் பார்த்து, காலையில் லாரிகள் கிளம்புமுன் சரிசெய்துவிட்டான். கடிகாரத்தை மாற்றும் வழக்கமே இல்லாத ஊரில் வளர்ந்தவன். வேலை முடிந்ததும் ஒஹாயோக்காரர் ஐந்து நட்சத்திரம் போட்டு, அந்த இரவைக் குறிப்பிட்டு, என்னைப் போன்ற பொறுப்பானவரைப் பார்த்ததில்லை என்று எழுதினார்.

15 டாலர் அநியாயமா என்று பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன். வாடிக்கையாளரைப் பிடித்தது நான். பேசியது, பொறுப்பேற்றது நான். எடிசன் வீட்டுவரிக்கும் கோவில்பட்டி வாடகைக்கும் உள்ள தூரத்தைச் சொன்னால் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். நானும் பாதி ஆட்டுவேன். ஒஹாயோக்காரரிடம் மறைத்தது தப்பு. அதற்குக் கணக்கே வேண்டாம். ஆனால் என்னை உறுத்துவது வேறொன்று.

2004இல் நெவார்க்கில் முதுகலை முடித்து ஒரு கன்சல்டன்சி வழியாக வேலைக்குப் போனேன். வாடிக்கையாளர் மணிக்கு 78 டாலர் கொடுத்தார். நடுவில் இரண்டு வெண்டர். என் கைக்கு வந்தது 34. எத்தனை வார இறுதிகளில், எத்தனை வீட்டுச் சமையலறைகளில் நின்று அவர்களைத் திட்டியிருப்போம்! ஆனாலும் அந்த வேலையை நான் செய்தேன் என்பது என் ரெஸ்யூமேயில் இருந்தது. அடுத்த வேலை அதைக் காட்டித்தான் கிடைத்தது. அவர்கள் என் பணத்தை எடுத்தார்கள், பெயரை எடுக்கவில்லை. நானோ இரண்டையும் எடுத்திருக்கிறேன். கூலி அந்த மாதத்தோடு முடிந்துபோகும். மதிப்புரை அப்படியல்ல, அடுத்த வேலையை இழுத்து வரும், அது அதற்கடுத்ததை. அவன் எழுதிய நிரல் இன்றைக்கும் எனக்குச் சம்பாதித்துத் தருகிறது.

ஒரு வருடம் கழித்து அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அண்ணா, அந்த ஒஹாயோ வேலையை நான் செஞ்சதா என் பக்கத்துல போட்டுக்கலாமா?" வேண்டாம் என்றேன். வாடிக்கையாளர் பார்த்தால் சிக்கல் என்று காரணமும் சொன்னேன். "சரிண்ணா, பரவாயில்லை" என்றான். கோபம் இருந்ததா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. கூடுதலாக 500 டாலர் அனுப்பினேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

போன வருடம் ஒஹாயோக்காரருக்கு நடந்ததை எழுதினேன். பதில் இல்லை. தம்பிக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதினேன், அந்த மார்ச் இரவு உட்பட, இரண்டு பக்கம். அனுப்பிய அன்றே கூப்பிட்டான்.

"ரொம்ப நல்லா இருக்குண்ணா. அம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன்" என்றான். பிறகு, "ஆனா இதை அங்கே எங்கே போடறதுன்னுதான் தெரியல. லெட்டர் ஏத்த இடமே இல்லை. ஸ்டார் மட்டும்தான்."