காமிராச் சீட்டும் கைக்கூலியும்



சென்ற கோடை விடுமுறையில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தாரோடு நானும் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது இங்கே வேண்டியதில்லை. வாசலிலேயே கொட்டை எழுத்தில், "படம் எடுக்கக் கூடாது" என்று பலகை தொங்கிற்று. உள்ளே நுழைந்ததும் குடும்பத் தலைவர் செல்போனை நீட்டினார். காவலர் வந்து தடுத்தார். இவர் சற்றே ஒதுங்கி நின்று, ஐம்பது ரூபாய் நோட்டொன்றை மடித்து அவர் கையில் வைத்தார். காவலர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். படம் எடுத்தாயிற்று.

பத்து வயது மகன் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏம்ப்பா, காசு குடுத்தா எடுக்கலாமா?" என்று கேட்டான்.

"ஆமாண்டா. வேற ஊர்ல காமிராவுக்குன்னு சீட்டே கிழிச்சுக் குடுக்கிறாங்கல்ல? அது மாதிரிதான்" என்றார் தகப்பனார்.

நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பதில் அன்று முதல் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஐம்பது ரூபாய்க்கும் ஒரு போட்டோவுக்கும் இவ்வளவு பேச்சா என்று கேட்பீர்கள். விஷயம் அற்பமானதுதான். ஆயினும், காமிராச் சீட்டும் கைக்கூலியும் ஒன்றுதானா என்று ஒரு பிள்ளை கேட்டால், நம்மில் எத்தனை பேர் தடுமாறாமல் பதில் சொல்லுவோம்?

சட்டம் என்பது என்ன என்பதற்கு அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் நான்கு லட்சணங்கள் சொல்லியிருக்கிறார். அது புத்திக்கு ஒத்த கட்டளையாயிருக்க வேண்டும். பொது நன்மையை நாட வேண்டும். சமுதாயத்தைப் பராமரிக்கும் பொறுப்புடையவரிடமிருந்து வர வேண்டும். எல்லோருக்கும் பகிரங்கமாய் அறிவிக்கப்பட வேண்டும். காமிராச் சீட்டை இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். கட்டணம் பலகையில் எழுதியிருக்கிறது, பொறுப்புள்ளவர்கள் வைத்தது, ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே தொகை, பணம் நிர்வாகத்தின் கணக்கில் சேருகிறது. மடித்த நோட்டுக்கோ இவற்றில் ஒன்றுமில்லை. அந்தக் காவலர் விதியை விற்றார், ஆனால் விற்க அது அவருடைய பொருளன்று. நம்மவர் வாங்கியதும் படம் எடுக்கும் உரிமையை அல்ல. ஒரு மனிதன் சற்று நேரம் கண்ணை மூடிக்கொள்வதை வாங்கினார். அந்தக் காவலருக்குச் சம்பளம் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இல்லாதவன் கையில் சோதனையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இதைத்தான் நம் ஞானோபதேசத்தில் துர்மாதிரிகை என்று படித்தோம். மகன் முன்னிலையில் செய்தபடியால் அது இரட்டிப்பாயிற்று.

சரி, விதி புத்திக்கு ஒத்ததா என்று கேட்பவரையும் தள்ளிவிடக் கூடாது. அந்தக் கேள்வி நியாயமானதே.

தஞ்சைப் பெரிய கோவில் காட்சியகமன்று. வழிபாடு நடக்கும் இடம். ஆயினும் தடையின் காரணம் அங்கே தெளிவாய் விளங்கும். கர்ப்பக்கிருகத்தைச் சுற்றிய உட்பிராகாரச் சுவரில் சோழர் காலத்து ஓவியங்கள் இருப்பதை, 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். நாயக்கர் காலத்தில் அவற்றின் மேலேயே வேறு சித்திரம் தீட்டிவிட்டார்கள். இருட்டும் மேல்பூச்சும் சேர்ந்து அடியிலிருந்ததை மறைத்து வைத்திருந்தன. அந்த வழியில் பொதுமக்களை இன்றும் சாதாரணமாக விடுவதில்லை. நம்மில் பெரும்பாலோர் அந்த ஓவியங்களைப் புத்தகப் படங்களில்தான் கண்டிருக்கிறோம். வெளிச்சம் வர்ணத்தைத் தின்னும். ஓலைச்சுவடி, துணி, காகிதம், சாயம் இவற்றுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் படலாகாது என்பது காட்சியகங்களில் வழக்கமான கணக்கு. ஒரு பளிச்சொளியால் மட்டும் விளையும் கேடு, முன்னே அஞ்சிய அளவுக்கு இல்லை என்று இப்போது சொல்கிறார்கள். ஆனால் வெளிச்சத்தின் கெடுதி சேர்ந்துகொண்டே போவது. ஒருமுறை வெளுத்த வர்ணம் திரும்பாது. அடுத்தவன் பளிச்சிட்டால் என்ன, நான் ஒருவன்தானே என்று ஆயிரம் பேரும் நினைத்தால் என்னாகும்?

வெண்கலத்துக்கும் கருங்கல்லுக்கும் இந்தக் காரணம் பொருந்தாது. காமிராவின் ஒளி பட்டு எந்த வெண்கலமும் தேய்ந்ததில்லை. அங்கே வேறு காரணங்கள் இருக்கலாம்: கூட்டம் தேங்காமலிருக்க, பின்னால் நிற்பவர் பார்க்க, காவல் கருதி. சில இடங்களில் காரணம் செத்துப்போய் விதி மட்டும் உயிரோடிருப்பதும் உண்டு. உரோமையில், நம் பாப்பரசரின் வீட்டிலேயே அப்படி ஒன்றைக் காணலாம். சிஸ்டைன் சிற்றாலய ஓவியங்களை 1980 முதல் 1994 வரை சுத்தம் செய்தபோது, செலவை ஜப்பானிய நிப்பான் தொலைக்காட்சி நிறுவனம் ஏற்றது. அதற்குப் பிரதியாக, ஒவ்வொரு பகுதி வேலையும் முடிந்து மூன்று வருஷம்வரை படமெடுக்கும் தனியுரிமை அதற்கு வழங்கப்பட்டது. அந்தக் கெடு முடிந்து நெடுங்காலமாகிறது. வத்திக்கான் காட்சியகத்தின் மற்ற அறைகளில் பளிச்சொளியில்லாமல் படமெடுக்கலாம். அந்தச் சிற்றாலயத்தில் மட்டும் தடை நிற்கிறது. இப்போது சொல்லக்கூடிய காரணம் அது ஜெபம் செய்யும் இடம், பாப்பரசரைத் தெரிந்தெடுக்கும் இடம் என்பதே. என் மட்டில், ஆதியிலேயே அதைச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

படம் எடுப்பதே கெடுதல் என்று எண்ணுகிறவர்கள் ஸ்ரீபுரந்தான் கதையையும் கேட்க வேண்டும். நமக்குக் கொள்ளிடத்துக்கு அப்பால், அரியலூர் மாவட்டத்தில் உள்ள அவ்வூர்க் கோவிலிலிருந்து சோழர் காலத்து நடராசர் சிலையை 2006-ல் திருடர்கள் கொண்டுபோனார்கள். அது கடல் கடந்து, கள்ளச் சரக்கென்று தெரியாதபடி கைமாறி, 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர் விலைக்குப் போய்ச் சேர்ந்தது. அது நம் ஊர்ச் சிலைதான் என்று காட்டிக்கொடுத்தது எது? புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1994-ல், சிலை கோவிலிலேயே இருந்தபோது எடுத்து வைத்திருந்த போட்டோக்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததும் மறுக்க வழியில்லாமல் போயிற்று. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே புதுடில்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். அந்தப் போட்டோக்காரர் அன்று வராதிருந்தால் நடராசர் இன்றும் கான்பெராவில்தான் நின்றிருப்பார். ஆகவே, பிறர் படமெடுப்பதைத் தடுக்கும் நிர்வாகத்துக்கு, தன்னிடமுள்ள ஒவ்வொரு பொருளையும் தானே ஒழுங்காய்ப் படமெடுத்து வைக்கும் கடமை இரட்டிப்பாய் உண்டு என்பேன்.

இப்படி, ஒரே விதி ஓரிடத்தில் அவசியமாயும் இன்னோரிடத்தில் வீணாயும் இருக்கக்கூடுமானால், வீணென்று தோன்றும் இடத்தில் நாமே தள்ளிவிடலாமா? மேற்சொன்ன அர்ச்சியசிஷ்டவரே இதற்கும் வழி காட்டுகிறார். சட்டம் வகுத்தவர் எல்லாச் சந்தர்ப்பங்களையும் முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது. உடனே செய்யாவிட்டால் பெருந்தீங்கு நேரிடும் என்றால் எழுத்தை மீறலாம். அப்படி அவசரமில்லையேல் அதிகாரமுள்ளவரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பது அவர் போதனை. போட்டோவில் ஏது அப்பேர்ப்பட்ட அவசரம்? படுக்கையில் கிடக்கும் தாயாருக்குக் காட்ட ஒரு படம் வேண்டுமா, பரீட்சைக்கு எழுத வேண்டுமா, காப்பாளரைப் போய்ப் பாருங்கள். காரணத்தைச் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லை. விதி தவறென்று தோன்றினால் கடிதம் எழுதுங்கள். நம் நாட்டின் தொல்பொருள் துறையே, தன் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் இருந்த தடையை 2018-ல் அஜந்தா முதலான சில இடங்கள் நீங்கலாகத் தளர்த்தியது. விதிகள் மாறக்கூடியவை. அவற்றை மாற்றுவதற்கு வாசல் உண்டு. நோட்டை மடித்துக் கொடுப்பது கொல்லைப்புறம்.

விதி இருக்கட்டும், படம் எடுத்ததால் நம்மவர் கண்டதென்ன? அமெரிக்காவில் இயேசு சபையார் ஸ்தாபித்த பேர்பீல்டு பல்கலைக்கழகத்தின் பேராசிரியை லிண்டா ஹென்கெல், மாணவர்களை அங்குள்ள காட்சியகத்தில் சுற்றவிட்டு ஒரு பரிசோதனை செய்தார். போட்டோ எடுத்த பொருள்களைவிட, வெறுங்கண்ணால் பார்த்த பொருள்களே அவர்கள் நினைவில் நன்றாய் நின்றன. கருவி பார்த்துக்கொள்ளும் என்று மனம் கடையைச் சாத்திவிடுகிறது போலும். ஆனால் ஒரு பொருளின் ஒரு சிறு பகுதியை நெருக்கிக் குறிபார்த்து எடுத்தவர்களுக்கு அந்த நஷ்டம் நேரவில்லை. அவர்கள் உண்மையாகவே பார்த்தார்கள்.

தஞ்சை அரண்மனையில் 1951-ல் தொடங்கிய கலைக்கூடத்துக்குப் போகிறவர்கள், திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனரின் வெண்கலச் சிலையைப் பாருங்கள். 1011-ல் செய்தது. நமக்கு அது வணக்கத்துக்குரியதன்று. நம் அயலாருக்கு அது தெய்வம். அதனாலேயே அதன் முன் சற்று அடக்கமாய் நிற்பது நமக்குத் தகும். அந்தச் சிலை ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து, ஒரு கையை எதன் மேலோ ஊன்றிச் சாய்ந்து நிற்கிறது. கைக்குக் கீழே ஒன்றுமில்லை. அங்கே நின்றிருக்க வேண்டிய ரிஷபம் இல்லை. ஆயினும் கை அதன் முதுகில் இளைப்பாறுவது போலவே இருக்கிறது. செல்போனை நீட்டி நாலு நொடியில் நகர்கிறவருக்கு அந்த இல்லாத காளை தெரியாது.

பூண்டி மாதா கோவிலிலும் வேளாங்கண்ணியிலும் திவ்விய பூசையில் எழுந்தேற்றம் நடக்கும்போது முன்வரிசையில் செல்போன்கள் உயருவதைக் கண்டு நாம் முகம் சுளிக்கிறோம். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2017-ல் அதைக் கண்டித்துப் பேசினார். இதயங்களை எழுப்பச் சொன்னால் செல்போனை எழுப்புகிறார்களே என்று மனம் நொந்தார். நம் கோவிலில் பிறர் எப்படி நடக்க வேண்டுமென்று விரும்புகிறோமோ, பிறர் இடத்தில் நாம் அப்படி நடந்தோமா என்று அன்று அந்தக் காட்சியகத்தில் நான் எண்ணவில்லை. பிறகுதான் எண்ணினேன்.

சில வாரங்களுக்குப் பின் அந்தத் தகப்பனார் பூசை முடிந்து என்னிடம் வந்தார். "அன்னிக்குப் பையன் கேட்டதுக்கு என்னங்க சொல்லலாம்?" என்றார். அவருக்கும் உறுத்தியிருக்கிறது. "நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லிடுங்க. நான் பேசாம நின்னதும் தப்புன்னு சேத்துச் சொல்லுங்க" என்றேன்.

மறு ஞாயிறே சொல்லிவிட்டதாக வந்து தெரிவித்தார். பையன் சற்று யோசித்துவிட்டு, "அப்ப அந்தப் படத்தை அழிச்சிடணுமாப்பா?" என்று கேட்டானாம். படம் நன்றாய் விழுந்திருக்கிறதாம். இன்னும் பதில் சொல்லவில்லை என்றார்.