பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

நாற்பது ஆண்டு கண்ட பாய்ப்படகு ஒன்று. காற்று ஓய்ந்த வேளையில் நகரவும், துறைக்குள் நுழையவும் அதற்குச் சிறு டீசல் எஞ்சின் உண்டு. அதன் வேகத்தைக் குறைத்துப் புரொப்பெல்லருக்குத் தரும் கியர் பெட்டியில் எண்ணெய் கசிகிறது. செய்யத்தக்கது யாது?

வங்கியில் பணிசெய்த நாம் முதலில் ஏட்டையே புரட்டுவோம். தேய்மானம் கழிந்து மதிப்பு பூஜ்யம். ஆகவே மாற்றுக என்று எழுதிவிடுவோம். (கடன் மனுக்களிலும் பலமுறை இவ்வாறே எழுதினோம்.) ஆனால் தேய்மான விகிதம் நாம் வகுத்தது, இரும்பு அதை அறியாது.

எண்ணெயைப் பார்க்கவேண்டும். கருகிய நாற்றமாகில் கிளட்ச் கெட்டது. உலோகத் துகள் மின்னுமாகில் பற்சக்கரமோ பேரிங்கோ தேய்ந்தது. பால் கலந்தாற்போல் இருக்குமாகில் நீர் புகுந்தது. இவை ஒன்றுமின்றிப் பின்தண்டின் ஓரத்தில் மட்டும் சொட்டுமாகில், பெரும்பாலும் கெட்டது ஆயில் சீல் என்னும் சிறு வளையமே. அதன் விலை அற்பம். பெட்டியைக் கழற்றும் உழைப்பே பெரிது.

அவ்வளையம் ஏன் கெட்டது என்னில், முதுமையாலாகலாம். எஞ்சினின் தாங்கிகள் அமிழ்ந்து தண்டு நேர்விலகியதாலுமாகலாம். பின்னதாகில் புதுப்பெட்டியும் கசியும்.

துகளைக் கண்ட பின்னும் பழையதை விடாதிருப்பதோ வேறு பிழை. பற்றுக்குச் சிக்கனம் என்று பெயரிடுகிறோம். பாறைக்கரையை நோக்கிக் காற்று தள்ளும்போது கிளட்ச் வழுக்கினால், படகில் மனைவி மக்களும் இருப்பர். பற்று நம்முடையது, அபாயத்துக்கு அவர்களிடம் சம்மதம் கேட்டோமா? அந்நிலையில் மாற்றவே வேண்டும். அப்போதும் புதியதைப் பொருத்தி, தண்டின் நேரைச் சரிசெய்த பின்பே அதனோடு தண்டைப் பூட்டுவது. சுழலும் திசையும் விகிதமும் ஒவ்வாவிடில் புரொப்பெல்லரையும் மாற்ற நேரும்.